புது விக் சொந்த முடியாகத் தெரிய

விக்கைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தலை நிறைய முடி உள்ள ஒருவரைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து, அவருடைய நெற்றியோரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நான் என் தங்கையை உட்காரவைத்தேன். சிறு வயதிலிருந்து பார்த்த தலைதான், ஆனால் அன்றுவரை உற்றுப் பார்த்ததில்லை. அவள் நெற்றியில் முடி ஒரு கோட்டில் தொடங்கவே இல்லை. முதலில் தெரிந்தும் தெரியாமலும் பூனைமுடி. அதற்குப் பின்னால் மெல்லிய முடிகள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இடையில் தோல் தெரிந்தது. அரை அங்குலம் உள்ளே போன பிறகுதான் அடர்த்தி தொடங்கியது. இடது நெற்றிப்பொட்டில் முடி சற்று உள்வாங்கியிருந்தது, வலது பக்கம் அவ்வளவு இல்லை. வகிடு பாதியில் லேசாக வளைந்தது. உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தது. வேர்ப்பக்கம் நல்ல கறுப்பு, நுனி வெயில் பட்டுக் கொஞ்சம் வெளுப்பு.

இப்போது பெட்டியைத் திறந்து விக்கைப் பாருங்கள். ஓரத்திலிருந்தே ஒரே அடர்த்தி, ஒரே நிறம், ஒரே பளபளப்பு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல வகிடு. எல்லாமே தேவைக்கு மேல் இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய பிறகு நாம் செய்வதெல்லாம் குறைக்கிற வேலை: முடியைக் குறைப்பது, மினுக்கத்தைக் குறைப்பது, ஒழுங்கைக் குறைப்பது. குறைத்ததை எளிதில் திரும்ப வைக்க முடியாது என்பதால் மெதுவாகச் செய்ய வேண்டும்.

எனக்குப் புழுவெட்டு. ஆறு வருடத்துக்கு முன் காதுக்குப் பின்னால் நாணயம் அளவு வழுக்கையாகத் தொடங்கி, நான்கு மாதத்தில் தலை முழுவதும் போனது. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது இது. எண்ணெய் மாற்றினேன், ஷாம்பு மாற்றினேன், அதனால்தான் வந்தது என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். டோப்பா என்ற சொல்லைக் கேலியாக மட்டுமே கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டைவிட்டே வெளியே வராத பெண்களைப் பார்த்திருக்கிறேன், ஆண்களையும் பார்த்திருக்கிறேன். நானும் மூன்று மாதம் அப்படி இருந்தேன். இப்போது அணிவது ஐந்தாவது விக். முதல் இரண்டையும் கெடுத்தேன், எப்படிக் கெடுத்தேன் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வாங்கும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துணி அளக்கும் டேப்பை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியைச் சுற்றி மறுபடி முன்னால் கொண்டுவந்தால் தலைச்சுற்றளவு கிடைக்கும். பெரியவர்களில் பலருக்கு 54 முதல் 57 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பெரிய விக்கைப் பின் குத்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தளர்வான விக் பின்பக்கம் மேலேறும், முன்பக்கம் நெற்றியில் இறங்கும், நாள் முழுவதும் கை தலையிலேயே இருக்கும்.

அடர்த்தியைச் சதவீதத்தில் எழுதியிருப்பார்கள். முதல் விக்குக்கு 120 அல்லது 130 போதும். 150, 180 எல்லாம் படத்தில் அழகாக இருக்கும், தலையில் வைத்தால் முகம் சின்னதாகிவிடும். கறுப்பிலும் எண்கள் உண்டு. 1 என்பது கன்னங்கறுப்பு, 1பி என்பது அதைவிட மென்மையான கறுப்பு. கறுப்பு முடி உள்ளவர்கள் பலருக்கு இரண்டாவதுதான் உண்மையான நிறத்துக்குக் கிட்டே வரும்.

முன்பக்கம் லேஸ் வைத்த விக்கை எடுத்தால், இனி நான் சொல்லப்போகும் வேலைகளைச் செய்ய இடம் கிடைக்கும். லேஸ் என்பது மெல்லிய வலை. ஒவ்வொரு முடியையும் அதில் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். லேஸ் இல்லாத விக்கில் நெற்றியோரத்தை எவ்வளவு சீர்செய்தாலும் ஓரளவுக்குத்தான் வரும். அதில் நெற்றியில் விழும் முன்முடி வெட்டிக்கொள்வது நல்ல வழி.

கீமோதெரபி தொடங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடி கொட்டும் வகை மருந்தாக இருந்தால், பெரும்பாலும் முதல் மருந்து ஏறிய இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் உதிர ஆரம்பிக்கும். அதற்கு முன்பே விக்கை வாங்கி, கீழே சொல்லும் வேலைகளை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவையுங்கள். முடி போன பிறகு தலையளவு கொஞ்சம் குறையும், அதனால் உள்ளே இறுக்கிக்கொள்ளும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

லேஸை வெட்டுவது

பெட்டியிலிருந்து வரும்போது நெற்றிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு லேஸ் அதிகமாக நீண்டிருக்கும். என் முதல் விக்கை மேசையில் விரித்து வைத்து, பெரிய கத்தரிக்கோலால் ஒரே இழுப்பில் வெட்டினேன். தலையில் வைத்ததும் நெற்றியில் பென்சிலால் கோடு போட்டது போல இருந்தது. இரண்டு இடத்தில் முடியோடு சேர்த்து வெட்டியிருந்தேன். அந்த விக்கை வெளியே அணியவே முடியவில்லை.

சரியான முறை இதுதான். விக்கை முழுதாகத் தலையில் பொருத்திக்கொள்ளுங்கள். முன்முடியை எல்லாம் பின்னால் தள்ளிக் கிளிப் போடுங்கள். சின்ன, கூரான கத்தரிக்கோலை எடுத்து, முதலில் லேஸை நான்கைந்து இடத்தில் மேலிருந்து கீழாகப் பிளந்து துண்டு துண்டாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியாக, கத்தரிக்கோலின் நுனியால் சின்னச் சின்னதாக, வளைந்து நெளிந்து போகும்படி வெட்டுங்கள். முடிச்சுகளுக்கு முன்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லேஸ் மிச்சமிருக்கட்டும். நேராக வெட்டிய ஓரம் கண்ணுக்குச் சட்டென்று தெரியும், நெளிந்த ஓரம் தோலோடு கலந்துவிடும்.

முடி பிடுங்குவது

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்த வேலை. அதிகமாகக் கெட்டுப்போவதும் இதில்தான். என் இரண்டாவது விக் இங்கேதான் போனது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பிடுங்கினேன். இடது நெற்றிப்பொட்டுக்கு மேல் கட்டைவிரல் அளவு வெறும் லேஸ் தெரிந்த பிறகுதான் கவனித்தேன். பிடுங்கிய இடத்தில் ஊசியால் மறுபடி முடியை முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாம், ஆனால் அது தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

விக்கைத் தெர்மாகோல் தலையில் வைத்து, நகராதபடி நாலு பக்கமும் குண்டூசி குத்துங்கள். நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். முடி பிடுங்கும் இடுக்கியான ட்வீசரில் சாய்ந்த நுனியுள்ளது வசதி. ஓரத்து முதல் வரிசையைத் தொடாமல், சீப்பின் வால்பக்கத்தால் அதை முன்னால் பிரித்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு முடி, மிஞ்சினால் இரண்டு. முடியை வேரில் பிடித்து, அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் லேஸ் கிழியும்.

ஒரு இடத்தில் எடுத்ததும் அங்கேயே நிற்காதீர்கள். இரண்டு மூன்று முடி எடுத்துவிட்டு ஒரு விரல் தள்ளிப் போங்கள், அங்கே இரண்டு, அப்புறம் இன்னொரு இடம். ஒரு சுற்று முடிந்ததும் திரும்பி வாருங்கள். ஓரத்தில் மெலிசாகத் தொடங்கி, அரை அங்குலம் உள்ளே போகப் போக மெதுவாக அடர்த்தி ஏற வேண்டும். உள்பக்கம் நன்றாகக் கலைந்த பிறகு முதல் வரிசையிலும் அங்கங்கே ஒன்றிரண்டு எடுக்கலாம். நெற்றிப்பொட்டுப் பக்கம் நடுநெற்றியைவிடக் கொஞ்சம் அதிகம் எடுங்கள், இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி வர வேண்டிய அவசியமில்லை. தங்கையின் நெற்றி நினைவிருக்கட்டும்.

நான் இப்போது பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்கிறேன். அடித்ததும் ட்வீசரைக் கீழே வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிநின்று பார்ப்பேன். அன்றைக்கு இரண்டு தடவைக்கு மேல் உட்கார்வதில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், நேற்று இன்னும் எடுக்கணும் என்று தோன்றிய இடம் போதுமானதாகவே இருக்கும். முக்கால்வாசி வந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் அணிந்து பார்த்த பிறகு மிச்சத்தைச் செய்யுங்கள்.

நெற்றியோரத்தில் குட்டி முடிகளை வெட்டி, ஜெல் தடவிச் சுருட்டி ஒட்டுகிறார்களே, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பேன். நிறைய விட்டால் வரைந்தது போல இருக்கும். காதோரம் நாலைந்து முடியை மட்டும் விட்டு, கன்னத்தின் மேல்பக்கம்வரை குறைத்தால் போதும்.

வகிடு

கூர்ந்து பார்க்கிறவர் கண் முதலில் நெற்றிக்குப் போகும், அடுத்தது வகிடுக்கு. புது விக்கின் வகிடு மெல்லிய கம்பி போல இருக்கும். இரண்டு ஓரத்திலும் அங்கங்கே சில முடிகளைப் பிடுங்கி அகலப்படுத்துங்கள். முன்பக்கம் கொஞ்சம் அதிகமாக, உச்சிக்குப் போகப் போகக் குறைவாக. பிறகு சீப்பு நுனியால் ஒன்றிரண்டு இடத்தில் லேசாக நெளித்துவிடுங்கள்.

வகிட்டில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது லேஸில் போட்ட முடிச்சுகள். அதை பிளீச் வைத்து வெளுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் நேரம் கூடினால் முடியின் வேர்ப்பக்கம் செம்பட்டையாகும், முடிச்சும் பலவீனப்பட்டு முடி உதிரும். செயற்கை முடியில் அது பலிக்கவும் பலிக்காது. அதற்குப் பதிலாக, உங்கள் தோல் நிறத்தில் மினுக்கம் இல்லாத கன்சீலரையோ (கறைகளை மறைக்கும் மேக்கப்) ஃபவுண்டேஷன் பவுடரையோ சின்னத் தூரிகையால் வகிட்டில் தடவுங்கள். லேஸின் அடிப்பக்கத்திலும் தடவினால் இன்னும் நன்றாகக் கலக்கும். நெற்றி வெயில் பட்டுக் கறுத்திருக்கும், தலைத்தோல் அதைவிட வெளுப்பாக இருக்கும். அதனால் வகிடுக்கு முக நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறத்தை எடுக்கிறேன். இந்தச் சின்ன வித்தியாசம் செய்த நாளிலிருந்து என் வகிட்டைப் பற்றி எனக்கே கவலை போய்விட்டது.

பளபளப்பும் கத்தரியும்

செயற்கை முடியின் மினுக்கம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். டிரை ஷாம்பூவை (தண்ணீர் இல்லாமல் முடியில் அடிக்கும் ஸ்ப்ரே) ஒரு முழம் தூரத்திலிருந்து லேசாக அடித்து, விரலால் கலைத்துவிடுங்கள். அது இல்லையென்றால் முகப்பவுடரைப் பெரிய தூரிகையில் எடுத்து, உதறிவிட்டு, மேல்முடியில் தட்டலாம். கறுப்பு முடியில் அதிகமானால் சாம்பல் பூசியது போலாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு மூன்று முறை அலசிய பிறகு மினுக்கம் தானாகவே ஓரளவு அடங்கும்.

வெட்டுவதை விக் தலையில் இருக்கும்போதே செய்யுங்கள். தெர்மாகோல் தலைக்குத் தோளும் கிடையாது, உங்கள் முகமும் கிடையாது. நுனி முழுவதும் ஒரே நீளத்தில் இருப்பதைக் கலைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சின்னக் கற்றையை விரலிடுக்கில் பிடித்து, கத்தரிக்கோலை நெட்டுக்குத்தாக வைத்து நுனியில் மட்டும் கொத்துங்கள். குறுக்கே வெட்டாதீர்கள். முகத்தைச் சுற்றி விழும் முடியைத் தாடைக்குக் கீழிருந்து படிப்படியாகக் குறைத்தால் முடி முகத்தோடு சேர்ந்து நிற்கும். முன்முடி வெட்டுகிறவர்கள் முதலில் மூக்கு நுனி அளவுக்கு வெட்டிப் பார்த்து, பிறகு மேலே ஏறுங்கள். கை நடுங்குகிறது என்றால், விக்கை மாட்டிக்கொண்டு முடி வெட்டும் நிலையத்துக்கே போகலாம். விக் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் மூன்றாவது விக்கை அப்படித்தான் வெட்டிக்கொண்டேன், ஓரமாக ஒரு நாற்காலி கேட்டேன், கொடுத்தார்கள்.

சூடு பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரணச் செயற்கை முடியில் முடிக்கு வைக்கும் அயர்ன், சூடான டிரையர் எதுவும் பட்டால் உருகிச் சுருங்கிவிடும், அதைச் சரிசெய்யவே முடியாது. சூடு தாங்கும் வகை என்றால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள், பிடரிப்பக்கத்து அடிமுடியில் ஒரு கற்றையைச் சோதித்த பிறகே மற்றதில் வையுங்கள். மனித முடி என்றாலும் தலையில் வளர்கிற முடி இல்லை அது, கருகினால் கருகினதுதான். அடுப்பு ஆவிக்கும், சூடான ஓவன் கதவைத் திறக்கும்போது வரும் காற்றுக்கும் செயற்கை முடியின் முன்பக்கம் பொசுங்கும். சமைக்கும்போது கழற்றிவிடுங்கள், அல்லது முழுவதையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

தலையில் வைப்பது

சொந்த முடி இருப்பவர்கள் அதைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னித் தலையோடு படியவைக்க வேண்டும். ஒரே கொண்டையாகப் போட்டால் விக்குக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் தலைத்தோல் நிறத்தில் மெல்லிய தொப்பி. என்னைப் போல முடியே இல்லாதவர்களுக்குப் பருத்தித் தொப்பியும், அதற்கு மேல் வெல்வெட் பட்டையும் நல்லது. வெல்வெட் விக்கை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். நான் பசை போடுவதே இல்லை. போட விரும்புகிறவர்கள் காதுக்குப் பின்னால் துளி தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள், தலைத்தோலில் புண் உள்ளவர்கள் பசையைத் தவிர்த்துவிடுங்கள்.

விக்கை நெற்றியிலிருந்து பின்னால் போட்டு, பிடரியை இழுத்துவிட்டு, காதுக்கு முன்னால் வரும் இரண்டு மடல்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் விக் நேராக இருக்கிறது. புருவத்துக்கு மேல் நான்கு விரல் வைத்தால் முடிக்கோடு வர வேண்டிய இடம் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் நெற்றி அகலமாக இருந்தால் பழைய புகைப்படத்தைப் பார்த்து அதன்படி வையுங்கள். நெற்றியைச் சிறியதாக்கிக்கொள்ளும் ஆசையில் விக்கைக் கீழே இறக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. புருவத்தை உயர்த்தும்போது விக்கும் சேர்ந்து அசைந்தால் அது கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

வைத்ததும் சீவாதீர்கள். தலையைக் குனிந்து, விரல்களால் வேர்ப்பக்கத்தை லேசாகக் கலைத்துவிட்டு நிமிருங்கள். ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுங்கள், ஒரு பக்கம் விழட்டும். உச்சி தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளங்கையை ஈரமாக்கி அழுத்துங்கள். பிறகு சன்னலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். குளியலறைக் கண்ணாடியில் ஒரு கை தூரத்தில் நாம் தேடித்தேடிக் குறை கண்டுபிடிப்போம். எதிரில் பேசுகிறவர் அவ்வளவு கிட்டே வருவதில்லை. முதல் முறை வெளியே போகும்போது அரை மணி நேரத்தில் முடியும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், நம்பிக்கையான ஒருவர் கூட வரட்டும். நான் தங்கையோடு போனேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன், அவள் ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கழற்றிய பிறகு

பத்துப் பன்னிரண்டு முறை அணிந்த பிறகு அலசினால் போதும், வியர்வை அதிகமென்றால் முன்பே. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூவைக் கரைத்து, விக்கை அதில் மேலும் கீழுமாக முக்கி எடுங்கள், கசக்க வேண்டாம். கண்டிஷனர் நுனிப்பக்கம் மட்டும். லேஸ் முடிச்சில் பட்டால் முடிச்சு நழுவி முடி உதிரும். துண்டில் ஒற்றி எடுத்து, ஸ்டாண்டில் நிழலில் காயவிடுங்கள். செயற்கை முடியை ஈரத்தில் சீவினால் அதன் வடிவம் குலையும், காய்ந்த பிறகு அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலேறிச் சீவுங்கள்.

நீளமான விக் என்றால் பிடரிதான் முதலில் சிக்கும், சட்டைக் காலரும் வியர்வையும் அங்கேதான் உரசும். ஒவ்வொரு இரவும் கழற்றியதும் அந்த அடிமுடியை மட்டும் கையில் பிடித்து, இரண்டு நிமிடம் விரலாலேயே சிக்கெடுத்துவிடுங்கள். அப்புறம் விக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, தலைத்தோலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.